மலாய்க்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மலேசியா போறீங்களா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வாட்ஸ்அப்புல கார்டு வந்த உடனே டிக்கெட் போட ஓடாதீங்க. முதல்ல அது எந்த வீட்டு விருந்துன்னு கேளுங்க. மலாய் கல்யாணத்துல பொண்ணு வீட்டுல ஒரு விருந்து, மாப்பிள்ளை வீட்டுல தனியா ஒரு விருந்து, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாரமோ ரெண்டு வாரமோ கூட கேப் இருக்கும், சில சமயம் ரெண்டும் வேற வேற மாநிலத்துல நடக்கும். நிக்காஹ்ங்கிறது இதுல தனிக் கணக்கு, விருந்து அன்னிக்குக் காலையில நடந்தாலும் நடக்கும், முந்தின நாளே முடிஞ்சிருந்தாலும் முடிஞ்சிருக்கும். இந்த விருந்தைத்தான் அவங்க கெண்டுரின்னு சொல்றாங்க. நமக்கு வந்த கார்டு எதுக்குன்னு தெரியாம ஃப்ளைட் போட்டா, நிக்காஹ் பார்க்கலாம்னு ஆசையா போய் சாப்பாடு மட்டும் சாப்பிட்டுத் திரும்பணும்.

நான் போனது கோலாலம்பூர் பக்கத்துல இருக்குற ஷா ஆலம், என்கூட நாலு வருஷம் ஒரே டீம்ல வேலை பார்த்த தோழியோட கல்யாணம். நானு, வீட்டுக்காரரு, கூடவே "நானும் மலேசியா பார்த்ததில்ல"ன்னு கிளம்பின மாமியார், அவங்க சுத்த சைவம். போய் வந்து இவ்வளவு நாளாச்சு, இப்ப யோசிச்சா எனக்கு ஒண்ணு நல்லா புரியுது. தொழுகை, மசூதி மாதிரி நமக்குப் பழக்கமில்லாத இடத்துல எல்லாம் நாங்க ரொம்ப உஷாரா இருந்தோம், ஒரு தப்பும் நடக்கல. சொதப்பினது எல்லாமே நம்ம ஊர் கல்யாணம் மாதிரியே இருந்த இடத்துலதான். பந்தல், சீர் தட்டு, மருதாணி, பன்னீர், கையால சாப்பாடுன்னு எல்லாம் அச்சு அசல் நம்ம வீட்டு மாதிரியே இருக்கும், மணமக்களுக்கு அவங்க சொல்ற மெம்பெலாய்ங்கிற வார்த்தையே நம்ம மாப்பிள்ளையிலேருந்து போனதுதான். அப்படி இருக்குறதாலதான் நம்ம வீடுன்னு நினைச்சுக்கிட்டு அடிச்சு விட்டுடுறோம்.

சரி, பயண விஷயத்தை சட்டுனு முடிச்சிடுறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லேருந்து 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு வச்சிருக்காங்க, 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, அதுக்கப்புறம் போறவங்க நிலவரத்தைப் பார்த்துக்கங்க. விசா வேண்டாம்னா ஒண்ணுமே வேண்டாம்னு அர்த்தமில்ல, டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், அரசாங்க சைட்ல அது ஃப்ரீ, காசு கேக்குற சைட் எதுவா இருந்தாலும் மூடிட்டு வெளிய வந்துடுங்க. பாஸ்போர்ட் ஆறு மாசமாவது உயிரோட இருக்கணும். ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடம், கல்யாண கார்டு மூணையும் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கங்க, இமிக்ரேஷன்ல எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா போன்ல சார்ஜ் இல்லாம முழிக்க வேண்டாம். திருச்சிலேருந்தோ சென்னைலேருந்தோ கிட்டத்தட்ட நாலு மணி நேரம்தான், ஆனா அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும், ராத்திரி ஃப்ளைட்ல போனா தூங்கின மாதிரியே இருக்காது, அதனால கல்யாணத்து அன்னிக்கு காலையில போய் இறங்குற பிளானெல்லாம் வேண்டாம். ப்ளக் அங்க பட்டையா மூணு கால் உள்ள பிரிட்டிஷ் ப்ளக், அடாப்டர் எடுத்துக்கங்க.

இன்னொண்ணு, லீவு நாள். கிளந்தான், திரெங்கானு, கெடா மூணு மாநிலத்துலயும் வார லீவு வெள்ளி சனி. ஜொகூரும் அப்படித்தான் இருந்துச்சு, 2025 ஜனவரியிலேருந்து சனி ஞாயிறுக்கு மாத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகை நேரத்துல கடை, ஆபீஸ் வேலையெல்லாம் எங்கயுமே கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். கிழக்குக் கரைப் பக்கம் நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் மழை வெளுத்து வாங்கும், வெள்ளம் வரும். நோன்பு மாசத்துல பொதுவா கல்யாணம் வைக்க மாட்டாங்க, பெருநாள் முடிஞ்ச கையோட வரிசையா வைப்பாங்க. ஸ்கூல் லீவு வந்தாலும் அதே கதைதான், ஊரே கல்யாணமா இருக்கும், ஹோட்டல் ரேட்டும் ஏறிடும்.

இனி கல்யாண நாளுக்கு வருவோம். கார்டுல சாப்பாடு 11 மணிலேருந்து 4 மணி வரைன்னு போட்டிருக்கும், கீழயே மணமக்கள் வர்ற நேரம் 12:30ன்னு சின்னதா ஒரு வரி இருக்கும். அந்தச் சின்ன வரிதான் முக்கியம். நாங்க என்ன பண்ணோம்னா, முகூர்த்தத்துக்குப் போற மாதிரி விடியக்காலைல எந்திரிச்சுக் குளிச்சு தலைவாரி 10:15க்கே போய் நின்னுட்டோம். அங்க பந்தல்ல ரெண்டு பசங்க ஃபேன் மாட்டிட்டு இருக்காங்க, பின்னாடி அண்டாவை இறக்கிட்டு இருக்காங்க, தோழியோட அம்மா தலையில துண்டோட வெளிய வந்து எங்களைப் பார்த்துட்டு பதறிப் போயிட்டாங்க, பாவம் அவ்வளவு வேலைக்கு நடுவுல எங்களுக்கு டீ போடப் போனாங்க. 12 மணி வாக்குல போனா போதும். போய் சாப்பிட்டு, மணமக்கள் வர்றதைப் பார்த்து, வீட்டுக்காரங்களைப் பார்த்துப் பேசிட்டு, ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல கிளம்பிடலாம், அதுதான் அங்க வழக்கம். வந்தவங்க எழுந்தாதான் அடுத்தவங்களுக்கு இடம், நாம பாட்டுக்கு நாலு மணி வரைக்கும் உட்கார்ந்து பேசிட்டு இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா உள்ளுக்குள்ள நெளிவாங்க. ஒண்ணேகால் மணி வாக்குல மத்தியானத் தொழுகை நேரம் வரும், வீட்டாளுங்க ஒவ்வொருத்தரா உள்ள போய் வருவாங்க, பேசிட்டு இருந்தவங்க திடீர்னு காணாம போனா தப்பா எடுத்துக்காதீங்க.

கார்டுல எத்தனை பேர் வர்றீங்கன்னு கேட்டிருந்தா ஒழுங்கா சொல்லிடுங்க, மூணு சொல்லிட்டு ஆறு பேரா போறது வேண்டாம்.

வீடு கண்டுபிடிக்கிறது ஈஸி. தெருமுனைல நீளக் கம்புல தென்னம்பாளை விரிஞ்ச மாதிரி ஜிகினா பேப்பர்ல செஞ்சு நட்டு வச்சிருப்பாங்க, அது பேரு புங்கா மங்கார். அந்த ஜிகினா எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போனா பந்தல் வந்துடும். ஆனா லீவு சீசன்ல ஒரே ஏரியாவுல ரெண்டு மூணு கல்யாணம் இருக்கும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வேற வீட்டுக் கல்யாணத்துல போய் நல்லா சாப்பிட்டுட்டு அப்புறமா மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து முழிச்சாரு. பந்தல் வாசல்ல மணமக்கள் பேர் எழுதியிருப்பாங்க, படிச்சிட்டு உள்ள போங்க.

டிரெஸ். பட்டுப்புடவை தாராளமா கட்டலாம், அவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், என் புடவை பார்டரை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தாங்க. பிரச்சனை புடவையில இல்ல, ஜாக்கெட்லதான். இடுப்பு தெரியுறது, முதுகுல ஜன்னல், கை இல்லாத ஜாக்கெட் இதெல்லாம் அங்க நமக்கே கூச்சமா இருக்கும், ஏன்னா சுத்தி இருக்குற அத்தனை பேரும் மணிக்கட்டு வரைக்கும் மூடியிருப்பாங்க. முழங்கை வரைக்கும் கை வச்ச, கொஞ்சம் இறக்கமான ஜாக்கெட் தைச்சுக்கிட்டு, மடிப்பை நல்லா பின் குத்தி விட்டுட்டா போதும். இல்லன்னா சுடிதார் போட்டு துப்பட்டாவை விரிச்சு விடுங்க. ஒரு நாள் முன்னாடி போனீங்கன்னா கோலாலம்பூர்ல ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், பக்கத்துலயே மஸ்ஜித் இந்தியா, ரெண்டு ஏரியாவுலயும் பாஜு கூரோங் ரெடிமேடா தொங்கும், நீளமா தொளதொளன்னு மேல்சட்டையும் பாவாடையும், அந்த வெயிலுக்கு அதைவிட சுகமான துணி இல்ல, அதுலயும் மஸ்ஜித் இந்தியாவுல தமிழ்லயே பேரம் பேசலாம். ரிங்கிட்டை அங்க நம்மாளுங்க வெள்ளின்னு சொல்லுவாங்க, "இருபது வெள்ளி"ன்னா வெள்ளிக் காசு இல்ல, இருபது ரிங்கிட்.

ஆம்பளைங்களுக்கு பேன்ட்டும் முழுக்கை சட்டையும் போதும், பாட்டிக் சட்டை இருந்தா இன்னும் நல்லது. வேட்டியும் கட்டலாம், ஆனா பந்தல் ஃபேன் ஒவ்வொண்ணும் ஃபேக்டரி ஃபேன் சைஸ்ல இருக்கும், ஒட்டிக்கோ கட்டிக்கோ மட்டும்தான் தாங்கும். கலர்ல ரெண்டு விஷயம். மஞ்சள் அங்க சுல்தான் குடும்பத்து நிறம், அரண்மனை சம்பந்தப்பட்ட விசேஷம்னா தலைலேருந்து கால் வரைக்கும் மஞ்சளா போகவே கூடாது, சாதாரண வீட்டுக் கல்யாணத்துக்குத் தடையில்ல, ஆனாலும் நான் மஞ்சளைப் பெட்டியிலேயே விட்டுட்டேன். வெள்ளை நிக்காஹ்ல பொண்ணு மாப்பிள்ளை போடுற நிறம், அதையும் விட்டுடுங்க. கார்டுல கலர் தீம் போட்டிருந்தா கஷ்டப்பட்டாவது அதைப் போடுங்க, போட்டோவுல நாம மட்டும் தனியா தெரியுறது பெருமை இல்ல. தலையை மூடணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க, வீட்டு விருந்துக்குத் தேவையில்ல. நிக்காஹ் மசூதில நடந்தா மட்டும் பொண்ணுங்க ஒரு ஸ்கார்ஃப் எடுத்துட்டுப் போங்க, பெரிய மசூதிகள்ல அங்கியும் கொடுப்பாங்க, மாதவிலக்கு நாளா இருந்தா தொழுகைக் கூடத்துக்குள்ள போகாம வெளி மண்டபத்துல உட்கார்ந்துக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கழட்ட ஈஸியா இருக்குற செருப்பா போடுங்க, வீட்டுக்குள்ள எங்க போனாலும் கழட்டணும்.

நிக்காஹ் பார்க்க வாய்ப்பு கெடைச்சா விடாதீங்க, அவ்வளவு சின்ன, அவ்வளவு டென்ஷனான நிகழ்ச்சி. மாப்பிள்ளை கீழ திண்டுல உட்கார்ந்திருப்பாரு, எதிர்ல பொண்ணோட அப்பா இல்லன்னா தோக் காடி, அதாவது நிக்காஹ் நடத்தி வைக்கிறவரு, கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வரி சொல்வாரு, மாப்பிள்ளை உடனே திணறாம ஏத்துக்கிட்டேன்னு பதில் சொல்லணும், மஸ் காவின் அதாவது மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்குற மஹர் தொகையோட சேர்த்து. அப்புறம் சாட்சிக்காரங்க "சாஹ்", அதாவது செல்லும்னு சொன்னாதான் முடிஞ்சது. என் தோழியோட மாப்பிள்ளைக்கு முதல் தடவை நாக்கு குழறிடுச்சு, கூட்டமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டாவது தடவை சரியா வந்ததும் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அந்த நேரத்துல நாம கெட்டிமேளம் இல்லையேன்னு கை தட்டக்கூடாது, துஆ ஓதுவாங்க, அமைதியா இருந்தா போதும். நடுவுல நடந்து போய் வீடியோ எடுக்குறதும் வேண்டாம்.

விருந்துல மணமக்கள் வர்றப்ப கொம்பாங்னு ஒரு கைமேளத்தை அடிச்சுக்கிட்டு ஒரு குழுவே முன்னாடி வரும், சில வீட்டுல சிலம்பம் மாதிரி சிலாட் ஆடிக் காட்டுவாங்க. அன்னிக்கு ஒரு நாள் அவங்க ராஜா ராணி, அப்படித்தான் சொல்றாங்க, ராஜா செஹாரி. மேடையில உட்கார வைப்பாங்க, அதுக்குப் பேரு பெர்சாண்டிங். பெரியவங்க ஒவ்வொருத்தரா போய் பன்னீர் தெளிச்சு, கொஞ்சம் அரிசி, பூவிதழ் தூவி வாழ்த்துவாங்க. இதைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இருந்த ஒரு பெரியவர்கிட்ட இங்கிலீஷ்ல, "இது எங்க அட்சதைதான், எங்ககிட்டேருந்து வந்ததுதான் இதெல்லாம்"னு சந்தோஷமா சொன்னாரு. பெரியவரு சிரிச்சாரு, ஆனா சட்டுனு பேச்சு நின்னு போச்சு. அப்புறம்தான் தோழி சொன்னா, பெர்சாண்டிங் சரியா தப்பாங்கிறது அவங்க குடும்பங்களுக்குள்ளயே ஒரு வாக்குவாதம், பழைய இந்து வழக்கம்னு சொல்லி சில வீடுகள்ல மேடையே வைக்கிறதில்ல, இவளோட சொந்த சித்தப்பாவே இதனால விருந்துக்கு லேட்டாத்தான் வந்தாராம். ஒத்துமையை மனசுக்குள்ள ரசிச்சுக்கங்க, உரிமை கொண்டாடாதீங்க. மேடைக்கு உங்களைக் கூப்பிட்டா போங்க, கூப்பிடலன்னா நாமளா ஏற வேண்டாம்.

கை குலுக்குறது பத்தி. பொண்ணுங்க பொண்ணுங்களோட, ஆம்பளைங்க ஆம்பளைங்களோட, ரெண்டு கையாலயும் லேசா தொட்டு, அப்புறம் வலது கையை நெஞ்சுல வைப்பாங்க, அழுத்திக் குலுக்க மாட்டாங்க. எதிர்ப்பாலுன்னா அவங்க கையை நீட்டினா மட்டும் நீட்டுங்க, இல்லன்னா நெஞ்சுல கை வச்சு ஒரு சின்ன தலையசைப்பு, அது முழு மரியாதை. மாப்பிள்ளையைத் தோள்ல தட்டுறது, பொண்ணைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்குறதெல்லாம் ஆபீஸ்ல எவ்வளவு குளோஸா இருந்திருந்தாலும் ஆண் நண்பர்கள் அன்னிக்குச் செய்யக்கூடாது. பெரியவங்களை பாக் சிக், மக் சிக்னு கூப்பிடுங்க, நம்ம மாமா அத்தை மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. மணமக்கள்கிட்ட "செலாமாட் பெங்கன்தின் பாரு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, உச்சரிப்பு தப்பானாலும் முகம் மலர்ந்துடும். ஆளைக் காட்டணும்னா ஆள்காட்டி விரலை நீட்டாம, விரலை மடக்கிக் கட்டை விரலால காட்டுவாங்க. குழந்தையைக் கொஞ்சுறப்ப தலையைத் தடவாதீங்க, கன்னத்தோட நிறுத்திக்கங்க.

சாப்பாட்டுக்கு வருவோம், அதுலதான் நமக்கு நிறைய கண்ணி இருக்கு. நாசி மின்யாக் அதாவது நெய்ச்சோறு, ரெண்டாங், சிவப்பா காரமா கோழி, டால்சா, அன்னாசி வெள்ளரிக்கா போட்ட ஆச்சார், ரோஸ் கலர்ல சிரப் தண்ணி. பன்றியோ மதுவோ இருக்காது, கேக்கவே வேண்டாம், முந்தின ராத்திரி அடிச்ச வாசனையோட போறதும் வேண்டாம். சைவக்காரங்களும் மாட்டுக்கறி சாப்பிடாதவங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தைங்க: டாகிங்னா மாட்டுக்கறி, ஆயாம் கோழி, காம்பிங் ஆடு, ஈக்கான் மீன், தெலூர் முட்டை. ரெண்டாங் பெரும்பாலும் மாடுதான். சம்பல் பார்க்க நம்ம மிளகா சட்னி, ஆனா உள்ள பெலாச்சான்னு இறால் விழுது இருக்கும்.

எல்லாத்துலயும் மோசமான கண்ணி டால்சா. நாகூர்ப் பக்கம் தால்ச்சா சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். மாமியார் பாத்திரத்தைத் திறந்தாங்க, மஞ்சளா பருப்பு, கத்திரிக்கா, உருளைக்கிழங்கு, கேரட், மேல கறிவேப்பிலை மிதக்குது. "சாம்பார்டி இது, கடவுள் இருக்காரு"ன்னு கரண்டியை விட்டு அடியிலேருந்து கிளறி எடுக்கப் போனாங்க. அடுப்படியிலேருந்து ஒரு மக் சிக் கையை ஆட்டிக்கிட்டே ஓடி வந்து "தூலாங், தூலாங்"னாங்க. எலும்பு. கரண்டியைத் தூக்கினா உண்மையிலேயே விரல் நீளத்துக்கு ஒரு மாட்டு எலும்பு. அந்தம்மா எங்க நெத்திப் பொட்டைப் பார்த்துட்டு முன்னாடியே கவனிச்சிட்டே இருந்திருக்காங்க. அப்புறம் அவங்களே உள்ள போய் வெறும் சோறு கொண்டு வந்தாங்க, மாமியார் பைல இருந்த பருப்புப் பொடியை எடுத்துக் காட்டி சைகைல கேட்டாங்க, அவங்க தலையாட்டினாங்க, சோத்துல போட்டுப் பிசைஞ்சதைப் பார்த்துட்டு தனக்கும் கொஞ்சம் கையில வாங்கி நக்கிப் பார்த்து "சேடாப்"னாங்க. ருசியாம். ஆக சைவம்னா முன்னாடியே தோழிகிட்ட சொல்லி வையுங்க, பைல ஒரு பொடி வச்சுக்கங்க, காலையில கோலாலம்பூர்ல நம்மாளுங்க ஏரியாவான பிரிக்ஃபீல்ட்ஸ்ல இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுட்டே கிளம்புங்க.

கை கழுவ மேசை மேலயே கெண்டின்னு குடம் மாதிரி இருக்கும், கீழ ஒரு தட்டோட, அது குடிக்கிற தண்ணி இல்ல, விரலை நனைச்சுக் கழுவத்தான். வலது கையால சாப்பிடுறது நமக்குப் பிரச்சனையே இல்ல, ஆனா பாத்திரத்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளுறப்ப இடது கை தானா போகும், அதைக் கவனிங்க, வலது கையால கொடுத்துட்டு இடது கையை முழங்கைகிட்ட வச்சா இன்னும் மரியாதை. கிளம்புறப்ப தாம்பூலப் பை மாதிரி ஒண்ணு கொடுப்பாங்க, பழைய வழக்கப்படி பேப்பர் பூவோட அவிச்ச முட்டை, புங்கா தெலூர், இப்பல்லாம் கேக், ஜெல்லி, மிட்டாய்னு மாறிடுச்சு. மாடு சாப்பிடாதவங்க ஜெல்லியில கவனம், ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டுலேருந்து எடுக்கிறதுதான்.

பரிசு விஷயத்துல நான் கிட்டத்தட்ட மாட்டிக்கத் தெரிஞ்சேன். மாப்பிள்ளைக்கு நல்ல பட்டு வேட்டி, ஒரு சின்ன தங்க மோதிரம்னு பிளான். கடைசி நேரத்துல மஸ்ஜித் இந்தியாவுல ஒரு கடைக்கார பாய்தான் "ஆம்பளைங்களுக்குத் தங்கமும் பட்டும் ஆகாதும்மா, தெரியாதா"ன்னு கேட்டாரு. வெள்ளி மோதிரம்னா பிரச்சனை இல்ல. பொண்ணுக்கு ரெண்டுமே கொடுக்கலாம், காஞ்சிப் பட்டு கொடுத்தேன், அவ அழுதுட்டா. குத்துவிளக்கு, பிள்ளையார், நடராஜர் சிலை, நம்ம வழக்கமான ஷாப்பிங் லிஸ்ட் மொத்தத்தையும் மறந்துடுங்க. சாப்பாட்டு ஐட்டம்னா ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்க, ஒயின் ஃபில்லிங் சாக்லேட்டெல்லாம் வேண்டாம். சீர் தட்டு அவங்களுக்கும் உண்டு, ஹந்தாரான்னு பேரு, மாப்பிள்ளை வீடு அஞ்சு தட்டு வச்சா பொண்ணு வீடு ஏழா திருப்பும், ஒத்தைப்படைதான், ஆனா அது ரெண்டு குடும்பத்துக்குள்ள, நாம போய் அதுல தட்டைச் சேர்க்கக்கூடாது.

காசு வைக்கிறவங்க கவர்லதான் வைக்கணும், மொய் நோட்டு கிடையாது, மைக்ல படிக்கவும் மாட்டாங்க, 101, 501னு ஒத்தை ரூபா சேர்க்கவும் வேண்டாம், அதனால கவர்லயே உங்க பேரை எழுதிடுங்க, இல்லன்னா யாரு வச்சதுன்னே தெரியாம போயிடும். கொடுக்கிற விதம்தான் அழகு. வாசல்ல பொண்ணோட அப்பா நிப்பாரு, கவரைச் சின்னதா மடிச்சு உள்ளங்கையில வச்சுக்கிட்டு அவர் கையைப் பிடிச்சு சலாம் சொல்றப்ப அது அவர் கைக்குப் போயிடும், அவரு கீழ குனிஞ்சு பார்க்காமலே பையில போட்டுக்குவாரு, கண்ணு நம்ம முகத்துலயே இருக்கும். ஆம்பளைங்க அப்பாகிட்ட கொடுக்கணும், பொண்ணுங்க அம்மாகிட்ட. எங்க வீட்டுக்காரரு நம்ம ஊர்ல மாதிரி எல்லாரும் பார்க்க கவரை ரெண்டு கையால நீட்டிட்டு போட்டோகிராபரைத் தேடினாரு, அந்தப் பெரிய மனுஷனுக்கு வெக்கமா போச்சு. நான் அம்மாகிட்ட கையோட கை வச்சப்ப அவங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல, உள்ள பார்த்து ஏதோ கத்தினாங்க, காலைல டீ போட்டுக் கொடுத்த அதே அவசரத்தோட ஒரு பொட்டலம் வந்துச்சு, வீட்டுக்குக் கொண்டு போய் சாப்பிடணுமாம். அதை வேண்டாம்னு சொல்லாதீங்க, வலது கையால வாங்கிக்கங்க, வாங்குறப்பவே டாகிங்கான்னு மட்டும் ஒரு தடவை கேட்டுக்கங்க.